காற்றாட விட்டால் காயாது: கிரால் ஸ்பேஸ் ஈரத்தைக் கட்டுப்படுத்துதல்

அத்தியாயம் 7

வட கரோலினாவில் நாங்கள் வீடு வாங்கிய முதல் கோடையில் அப்பா வந்திருந்தார். வந்த மறுநாளே வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்தார். வெளிச்சுவரின் அடியில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள், வரிசையாகச் சின்னச் சின்ன வலைக்கதவுகள் இருந்தன. அத்தனையும் மூடியிருந்தன.

“என்னடா இது, எல்லாத்தையும் அடைச்சு வச்சிருக்க? காத்து போக வேணாமா? உள்ள ஈரம் கோத்துக்குமே.”

“முன்னாடி இருந்தவங்க குளிர்காலத்துல மூடினதுப்பா. நான் இன்னும் பாக்கல.”

“தொறந்து விடு. நாலு நாள் காத்தாடினா தானா காஞ்சுடும்.”

திறந்துவிட்டோம். அது ஜூன் மாதம். ஆகஸ்ட் நடுவில் கூடத்தின் மரத்தரையில் வெறுங்காலோடு நடந்தபோது பலகைகளின் ஓரங்கள் பாதத்தில் நெருடின. ஒவ்வொரு பலகையும் நடுவில் குழிந்து ஓரத்தில் தூக்கிக்கொண்டிருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு தரைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். ஏசி டக்டின் அடிவயிறு முழுக்க வேர்த்திருந்தது. ஒரு துளி திரண்டு, நீண்டு, கீழே மண்ணில் விழுந்தது. அதே இடத்தில் இன்னொன்று திரண்டது. விழுந்து விழுந்து களிமண்ணில் ஒரு சிறு பள்ளமே ஆகியிருந்தது. அப்போது மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது.

அப்பா சொன்னது தஞ்சாவூர் வீட்டுக்குச் சரி. அமெரிக்காவின் தென்கிழக்கில், கோடையில், தரைக்கு அடியில் அது நேர்மாறாக வேலை செய்கிறது. ஏன் என்று புரிந்துவிட்டால் செய்ய வேண்டியவை தாமாக வரிசைப்படும். அந்த வரிசை இதுதான்: முதலில் தண்ணீரை வெளியே நிறுத்துங்கள், அடுத்து மண்ணின் ஆவியை மூடுங்கள், அதன் பிறகே காற்றை வெளியே நிறுத்துங்கள். வரிசை மாறினால் பணம்தான் வீண்.

கிரால் ஸ்பேஸ் என்பது என்ன

நம் ஊரில் அஸ்திவாரம் எழுப்பி, உள்ளே மண்ணும் மணலும் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டித்து, அதன்மேல் தளம் போடுவார்கள். தரைக்கு அடியில் வெற்றிடம் கிடையாது. இங்கே பல வீடுகளில் அந்த இடத்தை நிரப்புவதில்லை. சுற்றுச்சுவர் கட்டி, நடுவில் செங்கல் அல்லது பிளாக் தூண்கள் நிறுத்தி, அவற்றின்மேல் மரத் துலாக்களும் ஜாய்ஸ்ட் எனப்படும் குறுக்குச் சட்டங்களும் வைத்து, அதற்குமேல் மரத்தரை போடுகிறார்கள். கீழே மண்ணுக்கும் மரத்துக்கும் இடையில் ஒன்றரை அடி முதல் நான்கு அடி வரை வெளி இருக்கும். தவழ்ந்துதான் போக முடியும் என்பதால்தான் அந்தப் பெயர்.

தண்ணீர்க் குழாய், கழிவுக்குழாய், மின்கம்பி, ஏசி டக்ட், சில வீடுகளில் ஏசி இயந்திரமே கூட, எல்லாம் அங்கேதான். குழாய் ரிப்பேர் என்றால் தரையை உடைக்க வேண்டியதில்லை என்பது அதன் வசதி. நீங்கள் நிற்கும் தரையே மரம், அந்த மரம் எந்நேரமும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது அதன் தொல்லை.

வட கரோலினாவின் ராலே, கேரி, டர்ஹம் வட்டாரத்தில் இன்னொரு சிக்கல், மண். அங்கே இருப்பது செங்களி. தண்ணீரை எளிதில் இறங்கவிடாது. உறிஞ்சியதை எளிதில் விடவும் விடாது. ஆண்டுக்குச் சுமார் 46 அங்குல மழை. சென்னையின் ஆண்டு மழையைவிடக் குறைவுதான்; ஆனால் சென்னையைப் போல ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போவதில்லை, பன்னிரண்டு மாதமும் பங்கிட்டுப் பெய்கிறது. மண் முழுக்கக் காய்வதற்கு ஒரு பருவமே வாய்ப்பதில்லை.

காற்று ஏன் காயவைப்பதில்லை

கொடியில் போட்ட வேட்டி ஏன் காய்கிறது? வெயில் துணியைச் சூடாக்குகிறது. துணியிலிருந்து கிளம்பும் ஆவியைக் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த மோர்ச் சொம்பு ஏன் வேர்க்கிறது? அதே காற்றுதான். ஆனால் சொம்பு குளிர்ந்திருப்பதால் காற்று தன்னிடமுள்ள ஈரத்தை அதன்மேல் இறக்கிவிட்டுப் போகிறது. கிரால் ஸ்பேஸை நாம் வேட்டி என்று நினைத்துக்கொள்கிறோம். கோடையில் அது சொம்பு.

கணக்கைப் பாருங்கள். ஜூலை மாதப் பிற்பகல். வெளியே 90 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் 32 செல்சியஸ்), ஈரப்பதம் 60 சதவீதம். இந்தக் காற்று 74 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலிருந்து தண்ணீர் பிரியத் தொடங்கிவிடும். இந்த அளவைத்தான் பனிநிலை என்கிறோம். வெயிலே படாத கிரால் ஸ்பேஸின் மண்ணும் சுவரும் அந்த நேரத்தில் 70 டிகிரியை ஒட்டி இருக்கலாம். ஏசி டக்டுக்குள் ஓடும் காற்று 55 டிகிரி. வலைக்கதவு வழியாக நுழையும் வெளிக்காற்று இவற்றைத் தொட்டதும் வேர்வையாக இறங்குகிறது. நீங்கள் எவ்வளவு தாராளமாகத் திறந்து வைக்கிறீர்களோ, அவ்வளவு தண்ணீரை உள்ளே அனுப்பிவைக்கிறீர்கள்.

குளிர்காலத்தில் நிலைமை தலைகீழ். வெளிக்காற்று வறண்டது, உள்ளே வந்தால் காயத்தான் வைக்கும். ஆனால் அதே காற்று தரையைச் சில்லிட வைத்து, ஹீட்டர் செலவை ஏற்றி, கடுங்குளிர் நாட்களில் தண்ணீர்க் குழாயை உறையவும் வைக்கும்.

அப்படியானால் இந்த வலைக்கதவுகளை ஏன் வைத்தார்கள்? 1942இல் அமெரிக்கக் கூட்டாட்சி வீட்டுக்கடன் நிர்வாகத்தின் கட்டுமான விதிகளில், 150 சதுர அடித் தரைக்கு ஒரு சதுர அடி காற்றுத் திறப்பு என்ற கணக்கு இடம்பெற்றது. அது பிறகு கட்டட விதிகளில் ஊன்றிவிட்டது. வீட்டுக்குள் ஏசியே இல்லாத காலம் அது. தரைக்கு அடியில் 55 டிகிரிக் குளிர்ந்த டக்ட் ஓடவில்லை. தரையும் அவ்வளவு குளிர்ந்திருக்கவில்லை. வீட்டை மாற்றிவிட்டோம், ஓட்டையை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தோம்.

இதை நேரில் சோதித்துப் பார்த்த இடம் வட கரோலினாவில் இருக்கிறது. விடுதலை பெற்ற கறுப்பின அடிமைகள் உருவாக்கி, 1885இல் நகரமாகப் பதிவு பெற்ற பிரின்ஸ்வில், 1999இல் ஃபிளாய்ட் புயல் வெள்ளத்தில் மூழ்கியது. அந்த ஊரில் புதிதாகக் கட்டிய ஒரே மாதிரியான 12 வீடுகளை ராலேயின் ‘அட்வான்ஸ்டு எனர்ஜி’ என்ற லாபநோக்கற்ற அமைப்பு 2001 முதல் அளந்து பார்த்தது. சிலவற்றில் வழக்கமான திறந்த கிரால் ஸ்பேஸ். மற்றவற்றில் காற்றுப் புகாமல் மூடியது. மூடிய வீடுகள் கோடையில் அடியில் தெளிவாகவே உலர்ந்திருந்தன. சூடாக்கவும் குளிர்விக்கவும் ஆன மின்சாரம் சராசரியாக 15 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2004 இறுதியில் மாநிலத்தின் வீட்டு விதிகளிலும் மூடிய கிரால் ஸ்பேஸுக்கெனத் தனிப் பிரிவு வந்தது.

முதல் வேலை: இறங்கிப் பாருங்கள்

யாரையும் கூப்பிடுவதற்கு முன் ஒருமுறை நீங்களே பாருங்கள். உடல் முழுவதையும் மூடும் உடை, கையுறை, என்95 முகமூடி, முழங்கால் பட்டை, தலையில் கட்டும் விளக்கு வேண்டும். வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். உள்ளே தண்ணீர் தேங்கி நின்று, அதில் மின்கம்பியோ இயந்திரமோ தொட்டுக்கொண்டிருந்தால் இறங்கவே வேண்டாம். கையை வைக்கும் இடத்தில் முதலில் வெளிச்சம் விழட்டும். காப்பர்ஹெட் பாம்பும் கறுப்பு விதவைச் சிலந்தியும் இந்த மாநிலத்தில் சாதாரணம். 1980க்கு முந்தைய வீடென்றால் பழைய டக்டின் மேலுறையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதைப் பிய்க்காதீர்கள்.

கையில் இரண்டு கருவிகள் இருந்தால் போதும். ஒன்று, காற்றின் ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர். போனுக்கே எண்ணை அனுப்பும் வகை நல்லது, தினமும் தவழ வேண்டியதில்லை. இன்னொன்று, மரத்தில் குத்திப் பார்க்கும் ஈரமானி. எண்களை இப்படிப் படியுங்கள்:

• காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே: நிம்மதி. 60 முதல் 70: கவனம். வாரக்கணக்கில் 70க்கு மேல்: வேலை இருக்கிறது. 80ஐத் தாண்டி நின்றால் மரத்தின் மேல் பூஞ்சணம் பிடிக்கும்.

• மரத்தின் ஈரம் 15 சதவீதத்துக்குள்: நல்ல நிலை. 20ஐ நெருங்கினால் எச்சரிக்கை. 28ஐத் தாண்டினால் மரத்தை அரித்துத் தின்னும் பூஞ்சைகளுக்கு அது விருந்து. ஸ்க்ரூ டிரைவர் முனை வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும்.

எண் இல்லாமலும் பல சங்கதிகள் தெரியும். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அந்த வழியாகத் தண்ணீர் வந்து காய்ந்திருக்கிறது. எந்த உயரம் வரை பூத்திருக்கிறது என்று பாருங்கள். அந்த உயரம் வரை ஈரம் ஏறியிருக்கிறது. மண்ணில் வண்டல் படிந்த பாதை தெரிந்தால் மழைநீர் நுழையும் இடத்தை அது கைகாட்டுகிறது. ஜாய்ஸ்டுகளுக்கு நடுவில் செருகிய கண்ணாடிப்பஞ்சு இன்சுலேஷன் நனைந்து, கனத்து, கிழிந்த மெத்தை போலத் தொங்கும். நீண்ட காலோடு துள்ளும் முதுகு கூனிய பாச்சைகள் கூட்டமாக இருந்தால் அவற்றுக்குப் பிடித்த ஈரம் அங்கே இருக்கிறது என்று பொருள். சுவரில் விரல் பருமனுக்குக் குறைவான மண்குழாய்கள் மேலே ஏறினால் அது கரையான். அதற்கு வேறு ஆள் வேண்டும்.

மேலே வீட்டுக்குள்ளும் அடையாளங்கள் உண்டு. வெதுவெதுப்பான காற்று மேலே போக, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று இழுபடும். ஆக, கிரால் ஸ்பேஸின் காற்றில் ஒரு பகுதியை நீங்கள் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஊருக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்ததும் அடிக்கும் மக்கிய வாடை, கீழ்த்தள அலமாரியில் பூசணம் பூத்த தோல் செருப்பு, ஏசி ஓடியும் தீராத பிசுபிசுப்பு, ஓரம் தூக்கிய மரப்பலகை ஆகியவை எல்லாம் அடியிலிருந்து வரும் செய்திகள்.

படி 1: கூரைத் தண்ணீரைத் தூரத்தில் விடுங்கள்

1,500 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் இறங்கும் தண்ணீர் சுமார் 3,500 லிட்டர். சென்னைத் தெருவுக்கு வரும் 6,000 லிட்டர் லாரியில் பாதிக்கும் மேல். அதை நான்கு குழாய்கள் வழியாகச் சுவரின் காலடியிலேயே கொட்டினால், களிமண்ணில் அது எங்கே போகும்?

• கூரை விளிம்பில் உள்ள தகர ஓடையை ஆண்டுக்கு இரண்டு முறை சுத்தம் செய்யுங்கள். பைன் மர ஊசிகள் அடைத்தால் தண்ணீர் ஓடைக்குப் பின்னால் வழிந்து நேராக அஸ்திவாரத்தில் விழும்.

• கீழிறங்கும் குழாயின் முனையில் நீட்டிப்புக் குழாய் மாட்டி, சுவரிலிருந்து குறைந்தது ஆறு அடி, முடிந்தால் பத்து அடி தள்ளி விடுங்கள்.

• சுவரை ஒட்டிய நிலம் முதல் பத்து அடிக்குள் ஆறு அங்குலம் சரிய வேண்டும். பூச்செடிக்காக மல்ச் என்ற மூடாக்கைக் கொட்டிக் கொட்டிச் சுவரோரம் ஒரு வாய்க்காலே உண்டாகியிருக்கும், அதைத் திருத்துங்கள்.

• புல்வெளித் தெளிப்பான் சுவரை நனைக்கிறதா என்று காலையில் ஒருமுறை நின்று பாருங்கள்.

பெரும்பாலான வீடுகளில் பாதிப் பிரச்சினை இந்த ஒரு படியிலேயே முடிந்துவிடும். செலவும் சொற்பம். அதனால்தானோ என்னவோ, விற்க வருகிறவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

படி 2: உள்ளே வரும் தண்ணீருக்கு வழி காட்டுங்கள்

வெளியே திருத்தியும் பலத்த மழைக்குப் பிறகு உள்ளே தண்ணீர் கசிந்தால், சுவரோரம் உட்புறமாகப் பள்ளம் தோண்டி, துளையிட்ட குழாயும் ஜல்லியும் போட்டு, எல்லாத் தண்ணீரையும் தாழ்ந்த மூலைக்குக் கொண்டுவர வேண்டும். நிலம் சரிவாக இருந்தால் அங்கிருந்து குழாய் வழியாகத் தானாக வெளியேறும். இல்லையென்றால் குழி எடுத்து சம்ப் பம்ப் வைக்க வேண்டும். பம்ப் வைத்தால் பேட்டரித் துணையும் சேர்த்தே வையுங்கள். கரன்ட் போவதும் பெருமழை பெய்வதும் புயலன்று ஒரே நேரத்தில்தான்.

படி 3: வீட்டின் சொந்தத் தண்ணீரைப் பாருங்கள்

குளியலறைக்கு நேர் கீழே, சமையலறைத் தொட்டிக்கு நேர் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். டாய்லெட்டின் அடி வளையம் தேய்ந்தால் மேலே ஒன்றும் தெரியாது. கீழே பலகை கறுத்திருக்கும். ஏசியிலிருந்து பிரியும் தண்ணீரைக் கொண்டுபோகும் குழாய் வெளியே முடிகிறதா, அல்லது பாதியில் கழன்று மண்ணில் கொட்டிக்கொண்டிருக்கிறதா? துணி உலர்த்தும் டிரையரின் காற்றுக்குழாய் கிரால் ஸ்பேஸுக்குள் முடிந்தால் அன்றே சரிசெய்யுங்கள். ஒவ்வொரு முறை துணி காயும்போதும் அந்தத் துணியின் ஈரம் முழுவதும், பஞ்சுத் தூசியோடு, உங்கள் தரைமரத்தில் போய் ஒட்டுகிறது.

படி 4: மண்ணை மூடுங்கள்

தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலத் தெரியும் மண்ணும் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். நம்பிக்கை வரவில்லையென்றால் இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளை மண்ணில் விரித்து, ஓரங்களில் கல் வைத்துவிட்டு மறுநாள் புரட்டுங்கள். அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும்.

விரிக்க வேண்டியது குறைந்தது 6 மில் தடிமன் பாலிதீன் ஷீட். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அடிக்கடி ஆள் தவழும் இடமென்றால் 10 முதல் 20 மில் வரை, நூல் வலை கோத்த ஷீட் கிழியாமல் தாங்கும். விரிப்பதற்கு முன் பழைய பலகைத் துண்டு, அட்டை, கட்டுமானக் குப்பை எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். அவை கரையானுக்கு வைத்த படையல். ஷீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று குறைந்தது ஆறு அங்குலம் ஏறிப் படிய வேண்டும். ஓர் அடி ஏறினால் உத்தமம். இணைப்பை அதற்கான டேப்பால் ஒட்டுங்கள். தூண்களைச் சுற்றியும் ஏற்றி ஒட்ட வேண்டும். சுவரில் ஏற்றும்போது மேலே மரத்தைத் தொடும் வரை போகாதீர்கள். மரத்துக்குக் கீழே மூன்று அங்குலம் சுவர் வெறுமையாகத் தெரிய வேண்டும். கரையான் ஏறினால் ஆய்வு செய்கிறவர் கண்ணில் படுவதற்கான ஜன்னல் அது.

இங்கே எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் முதலில் கூப்பிட்ட ஒப்பந்தக்காரர் வெள்ளைவெளேர் ஷீட்டை அழகாக விரித்து, ஆஸ்பத்திரி வார்டு போல ஆக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். கூரைக்குழாயை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அடுத்த பெருமழையில் சுவர் வழியாக வந்த தண்ணீர் ஷீட்டின் மேலே ஏறி நின்றது. முன்பெல்லாம் மண்ணாவது உறிஞ்சிக்கொள்ளும். இப்போது போக வழியில்லை. குளம் வெட்டி, தரை போட்டு, தண்ணீரும் விட்டது போல ஆயிற்று. ஷீட்டைக் கிழித்து, படி 1இலிருந்து மறுபடி தொடங்கினோம். இந்த அத்தியாயத்தின் வரிசை அந்தக் குளத்திலிருந்து கற்றது.

படி 5: காற்றை மூடுங்கள்

மேலே சொன்ன நான்கும் முடிந்து, ஒரு பெருமழையையும் பார்த்த பிறகு வலைக்கதவுகளை மூடலாம். வெளியிலிருந்து மூடும் சிறு மடல் போதாது. இரண்டங்குலக் கெட்டி ஃபோம் பலகையை அளவாக வெட்டி உள்ளிருந்து பொருத்தி, சுற்றிலும் ஃபோம் அடித்து அடையுங்கள். நுழையும் கதவின் விளிம்பில் ரப்பர் பட்டை வையுங்கள். டக்ட் இணைப்புகளில் டேப்பை நம்பாமல் மாஸ்டிக் பசை பூசுங்கள். குழாயும் கம்பியும் தரையைத் துளைத்து மேலே போகும் ஓட்டைகளையும் அடையுங்கள். மக்கிய வாடை மேலே வரும் வழி அவைதான்.

படி 6: மிச்ச ஈரத்தை எடுங்கள்

மூடிய இடத்துக்கு உலர்த்தும் ஏற்பாடு ஒன்று கட்டாயம் வேண்டும். மூடிவிட்டு அப்படியே விட்டால் அது அடைத்த டிபன்பாக்ஸ். வழிகள் பல, வழக்கத்தில் உள்ளவை இரண்டு.

ஒன்று, ஏசியின் உலர்ந்த காற்றில் சிறிதளவை டக்டிலிருந்து கிரால் ஸ்பேஸுக்குள் விடுவது. அமெரிக்க மாதிரி விதியின் கணக்கு, 50 சதுர அடிக்கு நிமிடத்துக்கு ஒரு கன அடி. உங்கள் மாநில விதி இதைவிடக் கூடுதலாகக் கேட்கலாம். செலவு குறைவு. ஆனால் ஏசியும் ஹீட்டரும் ஓடாத ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் இதுவும் ஓடாது.

இன்னொன்று, காற்றின் ஈரத்தைப் பிரித்தெடுக்கும் டீஹியூமிடிஃபையர். விதியின் அளவு, 1,000 சதுர அடிக்கு நாளொன்றுக்கு 70 பைன்ட், அதாவது சுமார் 33 லிட்டர் எடுக்கும் திறன். அறைக்குள் வைக்கும் மலிவு இயந்திரம் இங்கே சீக்கிரம் படுத்துவிடும். கிரால் ஸ்பேஸுக்கென்றே வருவதை வாங்குங்கள். எடுத்த தண்ணீர் குழாய் வழியாகத் தானே வெளியேற வேண்டும். வாளியில் பிடித்துக் கொட்டுவேன் என்று நினைக்காதீர்கள், இரண்டாவது வாரமே மறந்துவிடும். 50 முதல் 55 சதவீதத்தில் வையுங்கள். 40க்கு இறக்குவதால் மின்கட்டணம் ஏறுவதைத் தவிரப் பயனில்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: பல ஆண்டுகள் நனைந்த மரத்தை ஒரே வாரத்தில் உலர்த்தாதீர்கள். முதல் மாதம் 65, அடுத்து 60, பிறகு 55 என்று படிப்படியாக இறக்குங்கள். அவசரப்பட்டால் ஓரம் தூக்கியிருந்த பலகைகள் சுருங்கி, இடையே நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். என் கூடத்துப் பலகைகள் பெரும்பாலும் படிந்து சமமாக ஆறு மாதம் ஆயிற்று. உடனே இழைத்துச் சமப்படுத்தியிருந்தால், உலர்ந்த பிறகு ஓரம் தாழ்ந்து நடு உப்பியிருக்கும்.

பூஞ்சணம் பிடித்த மரத்தை என்ன செய்வது? பத்து சதுர அடிக்குள் என்றால் முகமூடியோடு நீங்களே சோப்பு நீரில் துடைத்து உலர்த்தலாம். அதற்கு மேல் என்றால் பழகிய ஆளை வைத்துக்கொள்ளுங்கள். ப்ளீச்சைத் தெளித்தால் கறை வெளுக்கும். மரத்தில் ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சணம் திரும்ப வரும்.

மூடுவதற்கு முன் நான்கு கேள்விகள்

• வீடு வெள்ள அபாயப் பகுதியில் இருக்கிறதா? கரையோர மாவட்டங்களில் பல வீடுகளின் சுவரில் இருப்பவை காற்றுக்கான திறப்புகள் மட்டுமல்ல, வெள்ளத் திறப்புகளும்கூட. சதுர அடிக்கு ஒரு சதுர அங்குலம் என்ற கணக்கில் அவை இருந்தாக வேண்டும். அடைத்தால் வெள்ளம் வரும்போது நீரின் அழுத்தம் சுவரையே சாய்க்கும். காப்பீட்டிலும் சிக்கல் வரும். வெள்ளத்தில் மட்டும் திறந்துகொள்ளும் தனிக்கதவுகள் கிடைக்கின்றன.

• கேஸில் ஓடும் ஃபர்னஸோ தண்ணீர்ச் சூடாக்கியோ உள்ளே இருக்கிறதா? அது எரிவதற்கான காற்றை அங்கிருந்தே எடுத்தால், மூடியதும் நச்சுப்புகை திரும்பும். வெளியிலிருந்து நேராகக் காற்று எடுக்கும் வகைக்கு மாற்றாமல் மூடக் கூடாது.

• ரேடான் பார்த்தீர்களா? மண்ணிலிருந்து வரும் இந்தக் கதிரியக்க வாயுவுக்கு நிறமோ வாடையோ கிடையாது. மூடிய பிறகு வீட்டுக்குள் சோதித்துப் பாருங்கள். லிட்டருக்கு 4 பிகோகியூரி அல்லது அதற்கு மேல் இருந்தால், ஷீட்டுக்கு அடியிலிருந்து காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேல் விடும் மின்விசிறி வைக்க வேண்டும்.

• அனுமதி வேண்டுமா? ஊருக்கு ஊர் மாறும். வேலை தொடங்குமுன் கட்டட அனுமதி அலுவலகத்தில் கேளுங்கள். வீட்டை விற்கும் நாளில் அந்தத் தாள் கைகொடுக்கும்.

ஒப்பந்தக்காரரிடம் கேட்க வேண்டியவை

மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். வேலை பல ஆயிரம் டாலர். இன்றே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி என்பவரிடம் நாளைக்கு வரச் சொல்லுங்கள். வந்தவர் முதலில் வீட்டைச் சுற்றி நடந்து கூரைக்குழாயைப் பார்க்கிறாரா, நேராக ஷீட்டின் விலைக்குப் போகிறாரா என்று கவனியுங்கள். அதுவே பாதிப் பரீட்சை. பிறகு இவற்றைக் கேளுங்கள்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? மரத்தின் ஈரத்தை இன்று அளந்து எழுதித் தருவீர்களா, முடிந்தபின் மறுபடி அளப்பீர்களா? கரையான் பார்க்க இடைவெளி விடுவீர்களா? டீஹியூமிடிஃபையரின் தண்ணீர் எங்கே போகும்? உத்தரவாதம் ஷீட்டுக்கா, ஈரப்பதத்தின் அளவுக்கா?

ஆண்டு நாட்காட்டி

• மார்ச்: இறங்கிப் பாருங்கள். ஷீட்டில் கிழிசல், குழாயில் கசிவு, சுவரில் மண்குழாய். டீஹியூமிடிஃபையர் வடிகட்டியைக் கழுவுங்கள்.

• ஜூன் முதல் செப்டம்பர் வரை: வாரம் ஒருமுறை ஈரப்பத எண். திடீரென்று பத்து புள்ளி ஏறினால் இயந்திரம் நின்றிருக்கும், அல்லது எங்கோ குழாய் ஒழுகும்.

• புயல் மழைக்கு மறுநாள்: கதவைத் திறந்து டார்ச் அடித்து ஒரு பார்வை. சம்ப் பம்ப் இருந்தால் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி ஓடுகிறதா என்று பாருங்கள்.

• நவம்பர், டிசம்பர்: இலை உதிர்ந்து முடிந்ததும் கூரை ஓடையைச் சுத்தம் செய்யுங்கள். வெளிக்குழாய்களின் வால்வை மூடுங்கள்.

இரண்டு ஆண்டு கழித்து அப்பா மறுபடி வந்தார். வலைக்கதவுகள் இருந்த இடத்தில் ஃபோம் அடைத்திருப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. போனில் எண்ணைக் காட்டினேன்: 53. “நம்ம ஊர்ல திண்ணையில இதவிட ஜாஸ்தி இருக்கும்” என்றார். ஒருநாள் மாலை மழைக்கு முன் வாசலில் உலாத்திக்கொண்டிருந்தவர் சட்டென்று வீட்டு மூலைக்குப் போனார். புல்வெட்டிய பையன் கூரைக்குழாயின் நீட்டிப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டுப் போயிருந்தான். அப்பா குனிந்து அதை எடுத்து, குழாயில் மாட்டி, காலால் ஒரு தட்டுத் தட்டி இறுக்கினார்.